டோலன் வீட்டுப் பெண்பிள்ளைகள்

கனடாவுக்குப் போய்வந்தவர்கள் நயாகராவுக்கு முன்னால் பிளாஸ்ரிக் மழைக்கோட்டோடு நின்ற படத்தைக் காட்டுவார்கள். என்னிடம் அப்படி ஒரு படமும் இல்லை. நான் ரொறன்ரோவுக்குப் போனது என் தங்கை திரேசாவுக்கும் அவளுடைய புருஷன் அருளுக்கும் இரண்டு புதைகுழி எடுத்துக் கொடுப்பதற்காக. இரண்டு பேரும் உயிரோடுதான் இருக்கிறார்கள்.

அவர்கள் அகதியாகப் போய்ச் சேர்ந்த இரண்டாவது குளிர்காலத்தில் ஒரு ஆண்பிள்ளை பிறந்தான். அந்தோனி என்று பெயர் வைத்தார்கள். தலை நிமிர்த்தப் பழகுமுன் போய்விட்டான். அப்போது அவர்கள் ஸ்காபறோவில் ஒரு மாடிக் கட்டடத்தில் இருந்தார்கள். பக்கத்தில் ஒரு பழைய கத்தோலிக்கக் கோவில். அங்கிருந்த குருவானவர் இரக்கப்பட்டு, கோவிலுக்குப் பின்னாலுள்ள சேமக்காலையின் ஓரத்தில் பிள்ளையை அடக்கம் செய்ய இடம் விட்டார். அந்த ஓரத்தை ஒட்டி டோலன் என்ற ஐரிஷ் குடும்பத்தின் நிலம் கிடக்கிறது. அதில் இன்னும் மூன்று பேரைப் புதைக்கலாம். பல தலைமுறையாக ஒருவரையும் புதைக்கவில்லை.

அருளுக்குப் போன வருடம் நெஞ்சைப் பிளந்து சத்திரசிகிச்சை செய்தார்கள். அன்றிலிருந்து திரேசாவுக்கு ஒரே எண்ணம். செத்தால் அந்தோனிக்குப் பக்கத்தில் கிடக்கவேண்டும். ஆனால் குருவானவர் எப்போதோ காலமாகிவிட்டார். சேமக்காலை இப்போது முதற்குடியேறிகளின் மரபைக் காக்கும் ஒரு குழுவின் கையில். டோலன் வம்சத்தில் யாராவது கையெழுத்து வைக்கவேண்டும், அல்லது அந்த வம்சத்தில் ஒருவரும் மிச்சமில்லை என்று காட்டவேண்டும் என்றது குழு.

“அண்ணை, ஒருத்தரும் இல்லையெண்டு நீங்கள் வந்துதான் எழுதித் தரவேணும்” என்றாள் தொலைபேசியில். நான் யாழ்ப்பாணத்தில் முப்பது வருடமாக நொத்தாரிசு. காணி உறுதிகளைப் பின்னோக்கித் தேடிப்போவதுதான் என் பிழைப்பு. எல்லாரும் தங்களுக்கு உரிமை இருக்கிறது என்று காட்டத்தான் என்னிடம் வருவார்கள். ஊரான் வம்சம் அற்றுப்போனதைக் காட்டச் சொல்லி ஒருத்தி கேட்டது அதுதான் முதல் தடவை.

அவர்கள் வீடு இப்போது நகரத்துக்கு வெளியே, அஜக்ஸில். வீடு என்பது மரியாதைக்குச் சொல்வது. வீதியிலிருந்து பார்த்தால் கார் நிற்கும் கொட்டகைதான் தெரியும், அதற்குப் பின்னால் மனிதர்களை ஒளித்து வைத்திருக்கிறார்கள். அருளுக்கு வேலை பிறம்ரனில், ஒரு பண்டகசாலையில். நகரத்தின் ஒரு தலையிலிருந்து மறுதலைக்கு விடியமுன் காரில் போய், இருட்டியபின் வந்து சேர்கிறான். சொந்த வீட்டைப் பகல் வெளிச்சத்தில் அவன் ஞாயிற்றுக்கிழமைதான் பார்க்கிறான். நாங்கள் தண்ணீர் ஊறும் இடம் பார்த்து வீடு கட்டுகிறவர்கள். இங்கே வங்கிக் கடன் எந்த ஊர்வரை விடுகிறதோ அந்த ஊரில் குடியிருக்கிறார்கள்.

முதல்நாள் மத்தியானம் முருங்கைக்காய்க் கறி. தங்கை குளிர்ப்பெட்டியிலிருந்து ஒரு பொதியை எடுத்து மேசையில் போட்டாள், விறகு விழுந்த சத்தம் கேட்டது. “ஊரிலையிருந்து வாறது அண்ணை” என்றாள் பெருமையாக. ஊரிலிருந்து நானும்தான் வந்தேன், என்னை இவ்வளவு பத்திரமாக ஒருவரும் கொண்டுவரவில்லை. கறி வாயில் நாராகப் பிரிந்தது. நல்லது என்று சொல்லி இரண்டாவது தரமும் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் திரேசா என்னைச் சேமக்காலைக்குக் கூட்டிப்போனாள். சித்திரை பிறந்தும் பனி முழுதாகக் கரையவில்லை, ஓரங்களில் அழுக்குச் சீலைபோல் கிடந்தது. நான் அருளின் குளிர்க்கோட்டைப் போட்டிருந்தேன், அது முழங்காலுக்குக் கீழே தொங்கியது. அந்தோனியின் கல் ஒரு பள்ளிக்கூடக் கொப்பியளவு இருக்கும். அவள் குந்தியிருந்து கையுறையைக் கழற்றி, வெறுங்கையால் பனியை வழித்துவிட்டாள். பக்கத்தில் டோலன்களின் நிலம், நடுவில் ஆளுயரக் கல், அதில் பற்றிக், மைக்கல், ஜோன், மறுபடியும் பற்றிக். “இவ்வளவு இடமும் சும்மாதானே அண்ணை கிடக்குது” என்றாள். ஓம் என்றேன்.

குழுவின் செயலாளர் மக்கின்னன் அங்கேதான் எங்களைச் சந்தித்தார். ஸ்கொட்லாந்து வம்சம், கட்டம்போட்ட கழுத்துப்பட்டி, சிவந்த முகம். தன் வம்ச விருட்சத்தைச் சுருட்டி ஒரு நீளக் குழாயில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். எங்கள் ஆட்கள் கலியாணத் தரகர் வீட்டுக்குச் சாதகம் கொண்டுபோவது மாதிரி. பெயர் சொல்லிக் கை குலுக்குமுன் அதை விரித்துவிட்டார். அவருடைய மூதாதை வாளோடு வந்திறங்கிய படை அதிகாரியாம்.

“எங்கள் ஆட்கள் வரும்போது இங்கே ஒன்றுமே இருக்கவில்லை” என்றார். “வெறும் காடு.”

மறுநாளிலிருந்து நான் நகரத்து ஆவணக் காப்பகத்தில். அஜக்ஸிலிருந்து ரெயினில் போகவேண்டும். ரெயினில் ஒருவரும் ஒருவரையும் பார்ப்பதில்லை, ஆனால் எல்லாரும் உரக்கப் பேசுவார்கள். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். எச்சிலைக் குப்பியில் துப்பி அனுப்பினால் வம்சத்தைச் சொல்லும் பரிசோதனை செய்திருக்கிறாள் ஒருத்தி. “எனக்குள் கொஞ்சம் வைக்கிங் இரத்தம் இருக்கிறதாம். அதுதான் எனக்குக் கடற்கரை பிடிக்கிறது” என்றாள். மற்றவள் அதை ஒத்துக்கொண்டு தலையாட்டினாள். குருநகர்க் கடற்கரையில் பிறந்த எனக்குக் கடலைக் கண்டால் குமட்டும். துப்பிப் பார்க்கவேண்டிய ஆள் நான்தான்.

காப்பகத்தில் முதற்குடியேறிகளின் காணி மனுக்களைப் படச்சுருளில் வைத்திருக்கிறார்கள். கைப்பிடியைச் சுற்றச் சுற்ற இங்கிலாந்து அரசரின் பெயரால் காணி கேட்டவர்கள் வரிசையாக வருகிறார்கள். நான் பெரிதாக எதிர்பார்த்துப் போனேன். எல்லா மனுவும் ஒரே மனு. தான் விசுவாசமான குடிமகன், குடிப்பழக்கம் இல்லாதவன், உழைப்பாளி, பெண்சாதியும் பிள்ளைகளும் உண்டு, தயவுகூர்ந்து காணி தரவேண்டும். யாரோ ஒருவன் இருந்து இவ்வளவு பேருக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறான். அருளும் திரேசாவும் வந்த காலத்தில் அகதி விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவனும் அப்படித்தான். ஒரே கதையை வைத்துக்கொண்டு எங்கள் ஊரின் ஒரு தெருவையே கனடாவுக்குள் அனுப்பினான்.

ஸ்கொட்லாந்துக்காரர்கள் கூட்டமாக வந்து, ஒரு ஊரார் ஒரே வீதியில் காணி கேட்டிருக்கிறார்கள். வந்தவுடன் கோவிலுக்கு அத்திவாரம், அதற்கு அடுத்த வருடம் கோவில் கணக்கில் சண்டை. இதைப் படிக்க நான் கடல் கடந்திருக்கத் தேவையில்லை. ஐரிஷ்காரர்கள் பிந்தி வந்தவர்கள். கையெழுத்துப் போடத் தெரியாமல் புள்ளடி போட்டு, நல்ல காணி முடிந்தபின் சேறும் கல்லும் கேட்டிருக்கிறார்கள். பற்றிக் டோலனும் ஒரு புள்ளடிதான். மக்கின்னனின் வாளேந்திய மூதாதையையும் போகிற போக்கில் பார்த்தேன். அவருடைய மனுக்கள் எல்லாம் அயல்வீட்டுப் பன்றிகள் வேலி பிரித்து வருவதைப் பற்றியவை.

மனுவின் ஓரத்தில் அதிகாரி ஒரு சொல் எழுதியிருப்பான். காலி. இந்தக் காணி காலி, அந்தக் காணி காலி, காலியென்று எழுதி எழுதியே ஒரு நாட்டைப் பங்கிட்டு முடித்திருக்கிறார்கள். நான் நொத்தாரிசு. காலிக் காணி என்று எங்கேயாவது எழுதியிருந்தால், அங்கிருந்து யாரையோ எழுப்பி விட்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். இராணுவம் பிடித்து வைத்திருந்த வலிகாமம் வடக்கில் என் பேரன்மார் ஆடவேண்டிய வளவும் யாரோ ஒருவனுடைய கோப்பில் பல வருடம் காலியாகத்தான் இருந்தது. இங்கே எழும்பிப் போன ஆதிக்குடிகளுக்கு மனு எழுதிக் கொடுக்கவும் ஆள் இருக்கவில்லை போலும். அவர்களுடைய பெயர் எந்தச் சுருளிலும் வரவில்லை.

அன்று திரும்பும்போது ரெயினில் நித்திரையாகி அஜக்ஸைத் தவறவிட்டு விட்பியில் போய் இறங்கினேன். அந்த நிலையத்தில் கார்கள் நிற்பதற்கென்று விட்டிருக்கும் தரையில் எங்கள் ஊரில் ஒரு குறிச்சியே இருக்கும். காவல் வேலையில் நின்ற தமிழ்ப் பெடியன் என் கோட்டைப் பார்த்தே ஆளைக் கண்டுபிடித்துவிட்டான்.

“அங்கிள், விசிற்றுக்கு வந்தனீங்களோ? அஜக்ஸை விட்டிட்டியளோ?” என்றான். “நெடுகவும் ஆக்கள் இப்பிடித்தான். விட்பிக்கு வீடு வாங்கி வந்த ஆக்களே மறந்துபோய் அஜக்ஸிலை இறங்கிறவை.” எதிர்ப்பக்க மேடைக்கு வழி காட்டிவிட்டு, கடதாசிக் கோப்பையில் தன் கோப்பியையும் நீட்டினான். கோப்பி என்று சொன்னதால் குடித்தேன்.

மக்கின்னனின் குழுவில் நாலைந்து ஓய்வூதியக்காரர்கள் ஏற்கெனவே டோலன்களைத் தேடி முடித்திருந்தார்கள். அவர்கள் தேடும் முறை சுலபமானது. டோலன் என்ற பெயரைப் பிடித்துக்கொண்டு மகன், மகனுடைய மகன் என்று நடப்பார்கள். ஒரு மகன் அமெரிக்காவுக்குப் போய்ப் பிள்ளையில்லாமல் செத்தான். ஒருவன் மரம் விழுந்து செத்தான். ஒருவன் குருவானவரானான். பெயர் அறுந்துவிட்டது. “நீங்கள் ஒரு கடிதம் எழுதித் தாருங்கள், அடுத்த கூட்டத்தில் நிலத்தை உங்கள் தங்கைக்கு விட்டுவிடலாம்” என்றார் மக்கின்னன். அன்றே எழுதிக் கொடுத்துவிட்டு நயாகராவுக்குப் போயிருக்கலாம்.

ஆனால் யாழ்ப்பாணத்தில் காணி ஆண்பிள்ளைகளின் பின்னால் போவதில்லை. சீதனமாகப் பெண்பிள்ளையின் கையில் போகும், அவளிடமிருந்து அவளுடைய மகளுக்குப் போகும். பெண்பிள்ளைகளைப் பாராமல் உறுதி எழுதிய நொத்தாரிசின் வீட்டுக்கு யாராவது ஒருத்தி பிள்ளைகுட்டியோடு வந்து நின்று மண் அள்ளித் தூற்றுவாள். இந்த நாட்டுக் கல்லறைக்கு அந்த வழக்கம் பொருந்துமா என்று நான் யோசிக்கவேயில்லை. கை தன்பாட்டில் கோவில் ஞானஸ்நான, கலியாணப் பதிவுகளின் சுருளைச் சுற்றியது. புள்ளடி போட்ட முதல் பற்றிக்குக்கு இரண்டு பெண்பிள்ளைகள். மூத்தவள் கன்னியர் மடத்துக்குப் போனாள். இளையவள் பிறிஜற் கலியாணம் முடித்தாள், பெயர் மாறியது. அவளுடைய மகள் முடித்தாள், மறுபடியும் மாறியது. ஒவ்வொரு தலைமுறையிலும் வேறு பெயர், ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு மகள். வெள்ளிக்கிழமை பின்னேரம் கடைசி மகளில் வந்து நின்றேன். அயிலீன் என்று பெயர். கலியாணம் முடிக்கவில்லை. காப்பகத்துப் பெண் விலாசம் தேடித் தந்தாள், ஸ்காபறோவில் ஒரு முதியோர் இல்லத்தில் உயிரோடு இருக்கிறாள். சேமக்காலையிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரம்.

பெருமையோடு வீட்டுக்கு வந்து சொன்னேன். அருள் அப்போதுதான் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். திரேசா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

“ஆரண்ணை உங்களைப் பொம்பிளைப்பிள்ளையளைத் தேடச் சொன்னது?”

“தேடாமல் எப்பிடிக் கையெழுத்து வைக்கிறது? நாளைக்கு ஒருத்தி வந்து உரிமை கேட்டா?”

“குழிக்குள்ளை கிடக்கிற என்னட்டையோ வந்து கேக்கப்போறா?”

அருள் மெல்லச் சொன்னான். “மச்சான், மக்கின்னனுக்குத் தெரியாது. அந்தக் கிழவிக்கும் தெரியாது. நீங்கள் பேசாமல் இருந்தா ஆருக்குத் தெரியப்போகுது?”

“எனக்குத் தெரியும்.”

“நீங்கள் பிளேன் ஏறிப் போயிடுவியள். நாங்கள்தானே இஞ்சை சாகப்போறம்.”

பொய் உறுதியில் பெயர் போட என்னால் முடியாது என்று கத்தினேன். திரேசா கத்தவில்லை. “அவன் பிறந்ததிலையிருந்து தனியக் கிடக்கிறான். உங்களுக்கு உறுதிதான் பெரிசு” என்றாள். என் தங்கை என்னிடம் இவ்வளவு வெறுப்பாகப் பேசி நான் கேட்டதில்லை. எனக்கு மிகவும் நொந்தது. இருந்தாலும் நான் சொன்னதை மாற்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசையால் வந்தவள் குளிர்ப்பெட்டியிலிருந்து ரோல்ஸ் எடுத்துப் பொரிக்கத் தொடங்கினாள். “வெளிக்கிடுங்கோ. அந்தக் கிழவியிட்டைக் கேக்கப் போறதெண்டா வெறுங்கையோடை போகேலாது” என்றாள். கடிதம் எழுதிப் பதிலுக்குக் காத்திருப்பதுதான் அந்த நாட்டு முறை என்றேன். “உங்கடை முறையைப் பாத்தாச்சு” என்றாள். பெண் கேட்கப் போகிறவர்கள் மாதிரி நல்ல சீலை உடுத்து, தட்டத்துக்கு வெள்ளித்தாள் சுற்றிக்கொண்டு காரில் ஏறினாள். அருள் ஓட்டினான்.

அயிலீன் மெலிந்த உயரமான பெண். அறை துப்புரவாக இருந்தது, கதிரை ஒன்றுதான் இருந்தது, அதில் அவரே உட்கார்ந்துகொண்டார். நான் வம்சத்தை விளக்கினேன். மேலே பற்றிக், கீழே அவர். பிறிஜற்றைப் பற்றி அவர் கேள்விப்பட்டதேயில்லை. கடைசியில் அவருக்கு விளங்கியது ஒன்றுதான்.

“அப்படியென்றால் எனக்கு ஒரு சேமக்காலையில் இடம் இருக்கிறது.”

“ஓம், மூன்று.”

“எனக்கு இவ்வளவு நாளும் தெரியாது. இனி அதை விடமாட்டேன்.”

திரேசா என்னைப் பார்த்த பார்வையை நான் விபரிக்கப் போவதில்லை. ஆனால் அவள் ஆஸ்பத்திரிச் சமையலறையில் பழகிய தன் ஆங்கிலத்தில் அந்தோனியைப் பற்றிச் சொன்னாள். கெஞ்சவில்லை. பிள்ளை அங்கே கிடக்கிறான், நாங்கள் பக்கத்தில் கிடக்கவேண்டும், அவ்வளவுதான் என்றாள். கிழவி இரக்கப்படுகிற ஆள் இல்லை. முன்பின் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் நான் எதற்குப் படுக்கவேண்டும், இந்தக் கட்டடத்தில் அதைத்தானே செய்கிறேன், சுவருக்கு அந்தப்பக்கம் ஒருவன் நாள் முழுக்கத் தொலைக்காட்சி போடுகிறான் என்றார். ஒரு ரோல்ஸைக் கடித்துப் பார்த்துவிட்டு, உறைப்பு என்று சொல்லிக்கொண்டே முழுவதையும் சாப்பிட்டார்.

பிறகு யன்னல் பக்கம் கையைக் காட்டினார். தெருவுக்கு எதிர்ப்பக்கம் ஒரு மலர்ச்சாலை, பிரேதங்களைப் பார்வைக்கு வைக்கும் இடம்.

“சில சனிக்கிழமைகளில் தெரு முழுக்கக் கார். பொலிஸ் வந்து மறிக்கவேண்டி வருகிறது. சேலை கட்டிய பெண்கள், கறுப்புக் கோட்டுப் போட்ட ஆண்கள். அது உங்கள் ஆட்களா?”

“எங்கள் ஆட்கள்தான்” என்றான் அருள்.

“போனமுறை யார்? மந்திரியா?”

திரேசாவுக்கு ஆளைத் தெரியும். பேக்கரியில் பாண் வெட்டிக்கொண்டிருந்தவர் என்றாள்.

“பிறகு ஏன் இவ்வளவு பேர்?”

இந்த இடத்தில் உண்மையைச் சொல்வது என் கடமை என்று நினைத்தேன். வருகிறவர்களில் பாதிப் பேருக்குச் செத்தவரைத் தெரியாது என்றேன். முகம் காட்ட வருவார்கள், யார் வரவில்லை என்று பார்க்க வருவார்கள், மண்டபத்தில் பிறகு சாப்பாடும் உண்டு. கிழவி என்னை விட்டுவிட்டுத் திரேசாவைக் கேட்டார்.

“தெரியாதவர்களும் வருவார்களா?”

“வருவார்கள்.”

“எனக்கு?”

இங்கே யாராவது செத்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் அறையைக் கழுவி விடுகிறார்கள், பெயரைக் கதவிலிருந்து எடுத்து விடுகிறார்கள், கேட்டால் மாறிப் போய்விட்டார் என்கிறார்கள் என்று கிழவி சொன்னார். குரல் மாறவில்லை.

“நான் சொன்னா வருவினம்” என்றாள் திரேசா. அதை ஆங்கிலத்தில் இரண்டு தரம் சொன்னாள். மூன்று இடமும் ஒரே வரிசை, அந்தோனிக்குப் பக்கத்தில் நான், பிறகு இவர், பிறகு நீங்கள், அடக்கத்தை நாங்கள் பொறுப்பெடுப்போம், இணையத்தில் மரண அறிவித்தல் போடுவோம், வானொலியிலும் சொல்லுவோம் என்றாள்.

அறிவித்தலில் என்ன எழுதுவீர்கள் என்று கிழவி கேட்டார். திரேசா தன் கைபேசியில் ஒன்றை எடுத்துக் காட்டினாள். அந்தப் பேக்கரிக்காரருடையது. இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இன்னாரின் மைத்துனர், சம்பந்தி, பெரியப்பா என்று அடி அடியாக நீண்டு போனது. அருள் ஒவ்வொன்றாக மொழிபெயர்த்தான். கிழவி முழுவதையும் கேட்டுவிட்டு, தனக்கு அப்படிப் போட ஒருவரும் இல்லை என்றார்.

திரேசா என் பக்கம் திரும்பினாள். “அந்தோனியின்ரை பெரியம்மா எண்டு போடுவம்” என்றாள். பிறகு கிழவியிடம், “என் மகனுக்கு நீங்கள் பெரிய அம்மா. எனக்கு அக்கா” என்றாள்.

இல்லாத உறவைப் பகிரங்க அறிவித்தலில் போடுவது சட்டப்படி செல்லாது என்று நான் எடுத்துச் சொன்னேன். அயிலீன் ஆங்கிலத்திலும் திரேசா தமிழிலும் என்னை வாயை மூடச் சொன்னார்கள்.